தாடைக்குப் பயந்த வருடம்

அவள் முகத்தை யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்காத வீடு கிடையாது. சோப்பு, சுவர்ப்பூச்சு, கொசுவர்த்தி, கல்லூரிச் சேர்க்கை என்று முப்பது வருடத்துக்கு மேலாக விளம்பரங்களுக்குப் பேசி வந்தாள். தொழில் வட்டாரத்தில் அவளுக்குக் 'குரலம்மா' என்றே பெயர். காய்கறிக் கடையில் வெங்காயம் கேட்டால் கடைக்காரர் ஒருகணம் நிமிர்ந்து பார்ப்பார். எங்கேயோ கேட்ட குரல், எங்கே என்று பிடிபடாது. அந்த ஒரு கணத்துக்காகவே அவள் கடைக்குத் தானே போவாள்.

அவள் பேசியதிலேயே அதிகம் ஓடியது ஒரு சத்துமாவு விளம்பரம். "எலும்பு உறுதி, எல்லாம் உறுதி" என்று அவள் முடிக்கும் தினுசைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். வருடக் கடைசியில் அந்தக் கம்பெனி ஒரு பெட்டி நிறைய மாவு டப்பா அனுப்பும். வீட்டில் யாரும் அதைத் திறந்ததில்லை. ஒரு டப்பா, காற்றில் அடித்துக்கொள்ளும் படுக்கையறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. மற்றவை கட்டிலுக்கு அடியில் தூங்கின.

அறுபத்திரண்டாவது வயதில் ஒரு நாள், ஒலிப்பதிவுக் கூடத்தில், கிறீச்சிடும் நாற்காலியை ஓரமாக வைக்கலாமென்று தூக்கினாள். நடுமுதுகில் ஏதோ 'டக்' என்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, ஏதோ ஒடஞ்ச மாதிரி கேட்டுச்சு. நாற்காலியா?"

"நாற்காலி இல்லப்பா," என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "நான்தான்."

அவர்தான் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒன்று அமுங்கிப் போயிருந்தது. மருத்துவர் இளம் பெண். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முன்னைவிட உயரம் கொறஞ்ச மாதிரி தோணுதாம்மா?"

"இல்லவே இல்ல டாக்டர்."

கதவோரம் நின்ற ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமினார். "மைக்கை நான் வருஷா வருஷம் கொஞ்சம் எறக்கிட்டுத்தான் வர்றேன் டாக்டர். இப்ப நாலு விரல் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் அக்கா."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டாள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் சோதனையும் அதையேதான் சொன்னது. எலும்புத் தேய்மானம், அதுவும் நன்றாக முற்றியது. வாரத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, நல்ல சாப்பாடு, நடை. மாத்திரையைத் தொடங்குமுன் பல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னாள் மருத்துவர்.

"முதுகு வலிக்குப் பல் டாக்டர் எதுக்கு?"

"பல் ஏதாவது பிடுங்க வேண்டியிருந்தா முன்னாடியே பிடுங்கிடலாம். இந்த மாத்திரையில ரொம்ப ரொம்ப அபூர்வமா சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாம போறதுண்டு."

அதற்குப் பிறகு மருத்துவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. 'ரொம்ப ரொம்ப அபூர்வமா' என்பதும் ஏறவில்லை. 'தாடை' மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதுகு கோணினால் யார் பார்க்கப் போகிறார்கள்? தாடை கோணினால் பிழைப்பே போய்விடும். மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தவள், மருந்துக் கடையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

அவள் மாத்திரை வாங்கவில்லை என்று கேட்டு மகிழ்ந்தவர் அவள் கணவர். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க வெயிலில் தெருத்தெருவாக நடந்தவர்.

"என் ஒடம்புல ஒரு எலும்பு ஒடஞ்சிருக்கா? வெயில்தான் மருந்து," என்றார். "மாத்திரைய விடு. இத எங்கிட்ட விடு."

ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குக் கணக்கெடுக்க எதுவும் இல்லாமலிருந்தது. இப்போது மனைவி கிடைத்தாள். காலையில் எள், பிறகு பால், மதியம் கீரை, முட்டை, சாயங்காலம் எலும்பு சூப்பு. கட்டிலுக்கு அடியிலிருந்த மாவு டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கதவு முட்டுக்கு ஒரு செங்கல் வந்தது. வெயில் ஏறியதும் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைப்பார். நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்துவார். அவளோ, தோல் கறுத்துவிடும் என்று முழுக்கைச் சட்டையும் குடையுமாக உட்காருவாள்.

"குடைக்குள்ள எப்படி வெயில் வரும்?"

"ஓரமா வருதுங்க. போதும்."

வேறு ஊரில் இருந்த மகள் தொலைபேசியில் சண்டை போட்டாள். "ஏம்மா, சாப்பாடு வேணாம்னு யாரு சொன்னா? மாத்திரையும் சாப்பாடும் சேத்துதான சொன்னாங்க. நீ ஏன் ஏதோ கட்சி மாதிரி ஒண்ணுல சேந்துக்கற?"

"உனக்கென்ன, நீ தாடைய வச்சா சம்பாதிக்கற?" என்று இவள் வைத்துவிடுவாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த வருடம் அவளுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டாள், தெருக்கோடி வரை நடந்தாள், தூங்கினாள். முதல் முறிவின் வலி ஆறிவிட்டது. பிறகு வேறொரு வலி வந்தபோது, அது வாயு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

ஒலிப்பதிவாளர் யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்னது, மாவுக் கம்பெனியின் மேலாளர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேடம், உங்க கதைய அப்படியே படம் புடிக்கலாம். எலும்பு தேஞ்சிருந்துச்சு, மாத்திரை வேணாம்னுட்டீங்க, எங்க மாவு, இப்ப நடமாடறீங்க. இந்தத் தடவை உங்க முகமே வரட்டும்."

முப்பது வருடமாக அவள் காத்திருந்த வாக்கியம் அது. யோசிக்கிறேன் என்று சொல்லி வாசல்வரை அவரை அனுப்பிவிட்டு, வாசலிலேயே சரி என்றும் சொல்லிவிட்டாள். புதுச் சட்டை எடுத்தாள். தலைக்குச் சாயம் அடித்தாள். வயதான பெண்மணியாகத்தான் வர வேண்டும் என்று சொன்னதும் அதை வெளுக்க வைக்க இன்னொரு தடவை செலவழித்தாள். கணவரும் இஸ்திரி போட்ட சட்டையில் கூடவே போனார், வெயிலைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.

படப்பிடிப்பில் அவளை ஒரு சமையலறை முன்னால் நிறுத்தினார்கள். இயக்குநர் கேமராவுக்குள் பார்த்தார், தலையை எடுத்தார், மறுபடி பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க."

"நிமிந்துதான் தம்பி நிக்கறேன்."

விளக்குக்காரர் விளக்கை இடம் மாற்றிப் பார்த்தார். மேலாளர் இயக்குநரைத் தனியே கூப்பிட்டுப் போனார். திரும்பி வந்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்; அந்த மரியாதையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள், நாற்பதைத் தொடாத ஒரு நடிகை நரைமுடித் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஈரத்துணிக் கூடையை இடுப்பில் தூக்கி, படியேறிச் சிரித்தாள். அடுத்த வாரம் குரலம்மா கூடத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பேசினாள்.

"எனக்கு அறுபத்திமூணு வயசு. என் எலும்பும் தேஞ்சிருந்துச்சு. இப்ப பாருங்க."

ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. நெஞ்சைத் தொடும்படி இருக்கிறது என்றார் மேலாளர். அவள் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

அதே இளம் மருத்துவர். புதுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துப் பார்த்தாள். தாடைக்குப் பயந்து மாத்திரை வாங்காததைச் சொன்னதும் அவள் திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்திருந்தாள்.

"தாடை அருமையா இருக்கும்மா. நல்லா பாத்துக்கிட்டீங்க," என்றாள் மருத்துவர். "முதுகுலதான் இன்னும் ஒண்ணு அமுங்கியிருக்கு."

"அது வாயு இல்லையா?"

"இல்லம்மா."

இவள் கேட்டாள். "அப்ப எள்ளு, பால், வெயில் எல்லாம் வீணா?"

"எதுவும் வீணில்ல. அதையெல்லாம் விடாதீங்க. ஆனா ஏற்கெனவே ஒடைய ஆரம்பிச்சதுக்கு அது மட்டும் பத்தாது. போன வருஷமும் இதத்தான் சொன்னேன்."

"தாடைக்கு அப்புறம் நான் எதுவும் கேக்கல டாக்டர்," என்றாள் அவள். சொன்னதும் ஏதோ இறக்கி வைத்தது போலிருந்தது.

பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். புண் ஆறியதும் மாத்திரை தொடங்கியது. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல், எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கணவர் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். தோற்றுப்போன முகம்தான், ஆனாலும் கணக்கெடுக்க ஒன்று மிச்சமிருந்ததில் அவருக்குச் சமாதானம். குடையை மட்டும் ஒளித்து வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து எடுத்த சோதனையில் எலும்பு கொஞ்சம் தேறியிருந்தது. புதிதாக எதுவும் உடையவில்லை. கணவர் வெயிலால் என்றார். மகள், தான் சொன்னதைக் கேட்டதால் என்றாள். கம்பெனி இன்னொரு பெட்டி மாவு அனுப்பியது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அம்மாள் கையில் சீட்டோடு வந்தாள். அவளுக்கு மணிக்கட்டு முறிந்து, அதே நோய்தான் என்று சொல்லியிருந்தார்கள். குரலம்மா அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தாடையை, வாயுவை, இழந்த ஒரு வருடத்தை, ஒன்றையும் மறைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா டிவியில ஒரு அம்மா மாவு குடிச்சே சரியாயிட்டேன்னு சொல்றாங்களே. அந்தக் குரல்ல பொய்யே தெரியல."

தன் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததாக அவளுக்கு நினைவில்லை. அந்தக் குரல் நான்தான் என்று சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் சிரித்துவிட்டு, "உங்களுக்கு வேடிக்கைதான்," என்றாள். வேறு வழியில்லாமல் குரலம்மா அவள் கையைப் பிடித்து மருத்துவரிடம் தானே கூட்டிப்போனாள். எதிர்வீட்டு அம்மாள் என்ன முடிவெடுப்பாள் என்று இன்னும் தெரியவில்லை. பல் மருத்துவரிடம் மட்டும் பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

போன உயரம் திரும்பி வராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாள். தரையில் புரள ஆரம்பித்த பாவாடைகளையும் கால்சட்டைகளையும் மூட்டை கட்டித் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் குரலம்மா. அவர் ஒன்றை விரித்து அளந்து பார்த்தார்.

"எல்லாமே நீளமா இருக்கே. தொவச்சதுல நீண்டு போச்சா?"

"ஆமாங்க," என்றாள் அவள். "இப்பல்லாம் துணியே சரியில்ல."