பென்சில் புள்ளி வைத்த இடம்

எங்கள் கல்லூரியில் எந்தக் கோப்பு வந்தாலும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அலுவலக உதவியாளர் அண்ணாச்சி முந்தின நாளே உட்கார்ந்து வைத்துவிடுவார். புள்ளியைத் தேடிப் பேனாவை இறக்குவது மட்டும்தான் நம் வேலை. பிறகு அவரே ரப்பரால் அதை அழித்துவிடுவார். இருபது வருடமாக அந்தப் புள்ளிகளின்மேல் கையெழுத்துப் போட்டு வருகிறேன். வினாத்தாள் கட்டு, கல்விச் சுற்றுலா அனுமதி, இரங்கல் தீர்மானம் என்று எதுவானாலும் சரி. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் ஒருமுறை கோப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பைய படிச்சுட்டே குடுங்க சார், நான் நாளைக்கு வாரேன்" என்றார். துறையே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. அந்தப் புதியவரும் அதன்பின் எதையும் படிக்கவில்லை.

நான் ஆங்கிலம் நடத்துகிறவள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஆற்றை ஒட்டிய கல்லூரிக்குப் போய் வருகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு ஒரு நாவல் பாடமாக இருந்தது. புத்தகம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட ஒரு நாட்டின் கதை. அங்கே தேடிப் பிடித்து எரிப்பார்கள். அதை நடத்துவது எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், அதை நடத்தும்போது எனக்கு என்னையே பிடிக்கும். குரல் தானாக ஏறிவிடும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஜங்ஷன் கடையில் விற்கும் நோட்ஸை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். "நாவலைப் படிக்காமல் நோட்ஸை மனப்பாடம் செய்கிறவன்தான் முதல் தீக்குச்சியைக் கிழிக்கிறான்" என்று வருடந்தோறும் ஒரே இடத்தில் சொல்வேன். வருடந்தோறும் இரண்டு பேர் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த மார்கழியில் ஆறு கல்லூரிக்குள் வந்தது. நூலகத்தின் தரைத்தளத்தில் மூன்றாவது தட்டு வரை தண்ணீர் நின்று வடிந்தது. புத்தகங்கள் ஊதிப்போய் அலமாரியைவிட்டு வர மறுத்தன. இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வந்தது. ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, மாடிப்படி வரை நாற்றம் ஏறிவிட்டது. பழைய பேப்பர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஊரெல்லாம் வீட்டு வாசலில் மெத்தையும் பீரோவுமாகக் கிடந்ததால் குப்பை வண்டியும் எங்கள் பக்கம் வரவில்லை. எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு குழு போட்டார்கள். குழுவில் மூன்று பேர், மூன்றாவது ஆள் நான். புத்தகம் எரிக்கும் நாவலை நடத்துகிறவளையே எரிக்கிற குழுவில் போட்டார்களே என்று யாரும் குறும்பாகச் சிரிக்கக்கூட இல்லை. பணிமூப்பு வரிசையில் என் முறை வந்தது, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதற்கு முன்னால், ஒரு நீல நிற ஆய்வேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என்னிடம் எம்.பில். செய்தாள் ஒருத்தி. நான் வழிகாட்டிய முதல் மாணவி. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம், அம்மா வயல்வேலைக்குப் போகிறவள். அந்த அம்மா பாடிய நடவுப் பாட்டுகளைத்தான் மகள் எழுதி எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தாள். நடவுப் பாட்டு என்றதும் குயில், மேகம், மச்சான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைமடைக்குப் போகிற தண்ணீரை யார் அடைத்தது, பிள்ளை வலி எடுத்து வரப்பில் கிடந்தவளுக்கு எந்த வீட்டு வண்டி வர மறுத்தது, எல்லாம் வீட்டுப் பெயரோடு அதில் இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிப்பில்லை, பயமும் இல்லை போலிருக்கிறது. மூன்று பிரதிகள் கட்டினோம். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று அவளுக்கு.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, கல்லூரி விழாவில் துறையின் ஆய்வேடுகளை மேசையில் பரப்பி வைத்திருந்தோம். பாட்டில் வருகிற அந்த வீட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். நீல அட்டையைப் புரட்டினார், பின்னிணைப்பில் நின்றார். அவர் சத்தம் போடவில்லை. துறைத்தலைவரிடம், "இதெல்லாம் இங்கன எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஆய்வேடு மாடியில் இருந்த இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது. துறைத்தலைவர் நல்ல மனிதர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பழத்தோடு போய் நிற்பவர். "பத்திரமா இருக்கட்டும்லா" என்றார் என்னிடம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பீரோ பூட்டியிருக்க, நாங்கள் தணிக்கை பற்றி ஒரு கருத்தரங்கம்கூட நடத்தினோம்.

வெள்ளத்துக்குப் பிறகு, பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரம். நாவல் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நான் மேடையில் ஏறியபோது அண்ணாச்சி கோப்போடு வாசலில் நின்றார். "நனைஞ்ச பொஸ்தவப் பட்டியல், மேடம். பன்னெண்டு பக்கம். இன்னைக்கே போவணும்னு சொல்லுதாவ." மற்ற இரண்டு கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தன. கோப்பை நாவலின்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புள்ளியில் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் தலைப்பு மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது: 'மாடி பீரோ'. அதன்கீழ் பத்துப் பன்னிரண்டு ஆய்வேடுகள். நாலாவது வரியில் அவள் பெயர்.

மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். பேனா நின்றது. எத்தனை நேரம் என்று கேட்டால், அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு நேரம். நான் யோசித்ததும் நன்றாக நினைவிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்குமே. அவளிடம் ஒன்று இருக்குமே. இப்போது இதைக் கேட்டால் துறைத்தலைவரிடம் போகவேண்டும், அவர் முகம் வாடும், என் பதவி உயர்வுத் தாள் அவர் மேசையில்தான் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். படிக்கிறது திருவாசகம், இடிக்கிறது சிவன் கோவில் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். பிறரைப் பார்த்துத்தான் சொல்வோம்.

அன்று வகுப்பில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். வாய் திறக்காத பிள்ளை. "மேடம், எரிக்கதுக்கு முன்னாடி எதை எதை எரிக்கணும்னு ஒரு பட்டியல் போட்டிருப்பாவள்லா? அது யாரு போட்டது?"

"அரசாங்கம்" என்றேன்.

"அரசாங்கம்னா யாராவது ஒரு ஆள் உக்காந்து எழுதணும்லா, மேடம். அந்த ஆளப் பத்திக் கதையில ஒண்ணுமே இல்லையே?"

அது தேர்வுக்கு வராது என்று சொல்லி, உட்காரச் சொன்னேன். இருபது வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அதற்கு இப்படித்தான் பதில் சொன்னேன்.

மத்தியானம் மைதானத்துக்குப் பின்னால் புகை எழுந்தது. குழு ஆள் ஒருவர் நிற்கவேண்டும் என்று விதி. மற்ற இருவருக்கும் வேலை இருந்ததால் நான் போனேன். துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒரு கம்பால் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நனைஞ்சது ஒண்ணும் பத்தமாட்டேங்கு, டீச்சர்" என்றாள். "மண்ணெண்ணெய் ஊத்துனாலும் பொகையுதே தவிர பிடிக்கல. மாடியில இருந்து கொண்டாந்த கட்டு நல்லா காஞ்சு மொறுமொறுன்னு கெடந்துச்சு. அதப் பிரிச்சுப் பிரிச்சு அடியில குடுத்துத்தான் பத்த வச்சோம்."

கையில் ஒரு நீல அட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். உள்ளே தாள் இல்லை. பொன்னெழுத்தில் மாணவி பெயரும், கீழே வழிகாட்டி என்று என் பெயரும் இருந்தன. அவள் விசிற விசிற, ஈரப் புத்தகங்கள் மெல்லத் தீப்பிடித்தன.  

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்த மாணவி கல்லூரிக்கு வந்தாள். இப்போது தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. தலை அதற்குள் பாதி நரைத்திருந்தது. அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"வெள்ளத்துல எங்க வீடு மொத்தமும் போச்சு, மேடம். என் பிரதியும் போச்சு, பாட்டு எழுதுன நோட்டும் போச்சு. அம்மா உசுரோட இருந்தா, அதனால தேடல. திருப்பிப் பாடச் சொன்னாப் போச்சுன்னு இருந்துட்டேன்." பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறாள். எம்.பில். படிப்பையே நிறுத்திய பிறகு பழைய ஏடுகள் எங்கே போயின என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தட்டச்சு செய்த கடையும் இப்போது இல்லை. "துறையில ஒண்ணு இருக்கும்லா? அந்த நம்பிக்கையிலதான் வந்தேன்."

அண்ணாச்சிதான் எரித்தவற்றின் பட்டியல் இருந்த கோப்பை எடுத்துக்கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தில் விரலை ஓட்டி நாலாவது வரியில் நிறுத்தினாள். விரல் அப்படியே கீழே இறங்கி என் கையெழுத்துக்கு வந்தது. புள்ளி அங்கே இல்லை. அண்ணாச்சி எப்போதோ சுத்தமாக அழித்திருந்தார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க வரிவரியாத் திருத்துனிய, மேடம். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா? எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. எழுதி வச்சாச்சேன்னு மறந்துட்டேன்."

கண்ணை மூடி யோசித்தேன். வந்தது. வந்ததெல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. பின்னிணைப்பில் இருந்த தமிழை நான் ஒருநாளும் ஒழுங்காகப் படித்ததில்லை. ஆங்கிலத்தைத்தான் சிவப்பு மையால் திருத்தினேன். இருந்தாலும் அவளுக்காக அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். வண்டி வாசலில் நின்றது. மாடுகள் தின்றுவிட்டு நின்றன. நாங்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனோம்.

அவள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தவள், நிறுத்தினாள்.

"ஸ்ட்ரெச்சர் இல்ல, மேடம். அங்கன ஏது ஸ்ட்ரெச்சர்? கதவு. எங்க வீட்டுக் கதவக் கழட்டி, அதுல போட்டுத்தான் எங்க பெரியம்மாவத் தூக்கிட்டுப் போனாவ. வழியிலயே போயிட்டா. நான் கதவுன்னுதான் எழுதியிருந்தேன். படிக்கவங்களுக்குப் புரியாதுன்னு நீங்கதான் மாத்தச் சொன்னிய."

எனக்கு நினைவு வந்தது. பக்கத்தின் ஓரத்தில் நான் போட்ட சிவப்புச் சுழியும் நினைவு வந்தது. அவள் தாளில் ஸ்ட்ரெச்சரை அடித்துவிட்டு, கதவு என்று எழுதினாள். அந்த ஒரு சொல்தான் அவள் அம்மாவுடையது. அந்த மூன்று வரியில் மீதியெல்லாம் என்னுடையவை.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஆறு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஊர் வழியாகப் போகிற திருச்செந்தூர் பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க படிக்காமத்தான போட்டிய, மேடம்? அண்ணாச்சி புள்ளி வச்சிக் கொண்டாருவாவள்லா. நான் படிக்கும்போதே பாத்திருக்கேன்."

நான் சொல்லியிருக்கலாம். அவளைத் தவிர வேறு யாரிடம் சொல்லவேண்டியிருந்தது? பஸ் வந்து நிற்கும் வரை நேரம் இருந்தது.

"ஆமாம்மா. படிக்கல" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.