நாகேஸ்வரி ரீச்சரும் ஏழு ரெட்வூட் மரங்களும்

நாகேஸ்வரி ரீச்சர் பிழை விடுவதில்லை. முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் தாவரவியல் படிப்பித்தவர். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பார்க்காமல் படம் கீறிய பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவர். எழுபத்துநாலாம் ஆண்டுக் கடைசியில் கணவர் சிறிதரனோடு மெல்பேணுக்கு வந்து மல்கிரேவ் என்ற புறநகரில் குடியேறினார். எழுபத்தைந்து மார்ச்சில் நகரசபையின் பூங்காப் பிரிவில் வேலையும் கிடைத்தது. மரங்களை இனங்கண்டு பெயர்ப்பலகை எழுதி நடவேண்டும். ஆறு மாதத் தவணை. அவர் வேலை நகரசபைக்குப் பிடித்தால் செப்டெம்பரில் நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ரீச்சருக்கு வீட்டுக்குப் போகத் துளியும் விருப்பமில்லை. வந்த புதிதில் மூன்று மாதம் குசினி யன்னலுக்குள்ளால் பக்கத்து வீட்டு உடுப்புக்கொடியைப் பார்த்துப் பார்த்து அவருக்கு விசர் பிடிக்காத குறை.

முதல் கிழமையே மேலதிகாரி மிஸ்டர் பார்லோ அவரை ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போய், வரிசையாக நின்ற ஏழு மரங்களைக் காட்டினார். பழைய பதிவேட்டில் ‘ரெட்வூட்’ என்று மட்டும்தான் இருந்ததாம். ரெட்வூட்டில் எந்த வகை என்று கேட்டார்.

ரீச்சர் பட்டையில் பெருவிரலை வைத்து அமுக்கினார். தேங்காய்த் தும்பு மாதிரி மெத்தென்று இருந்தது. புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. பிறகென்ன?

“கோஸ்ட் ரெட்வூட். கலிபோர்னியாக் கரையோரத்து மரம். உலகத்திலேயே உயரமாக வளர்வது. ஒரு நாளும் மொட்டையாகாது” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

கொப்பை வளைத்து இலையைப் பார்த்தாரா? எங்கே பார்த்தார்! மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஆர் கொப்பை வளைப்பது? பலகையில் பெயரை எழுதியதோடு விட்டிருக்கலாம். ஒருவரும் கேளாமலே கீழே ‘என்றும் பசுமையானது’ என்று வேறு பெரிய எழுத்தில் தீட்டி வைத்தார்.

மே மாதம் ஏழு மரத்தின் இலைகளும் பழுப்பு நிறமாகின. ஜூன் முடிவதற்குள் ஓர் இலை மிச்சமில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற சனம் மொட்டை மரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. தான் பிழை விட்டிருக்கலாம் என்ற எண்ணம் ரீச்சருக்கு மருந்துக்கும் வரவில்லை. மரங்கள்தான் பிழை விட்டுவிட்டன என்று நினைத்தார். தண்ணீர் போதாமல் போயிருக்கும் என்று, வேலைக்கு முந்தி விறைக்கிற குளிரில் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்.

“இஞ்சேரும், செத்த மரத்துக்குத் தண்ணி ஊத்தி நீர் காய்ச்சலிலை விழப்போறீர்” என்றார் சிறிதரன்.

“சாகேல்லை. கொஞ்சம் சோர்ந்து போச்சுது, அவ்வளவுதான்.”

ஓகஸ்டில் மிஸ்டர் பார்லோ முடிவாகச் சொல்லிவிட்டார். மரங்கள் செத்துப்போயின, வெள்ளிக்கிழமை வெட்டப்படும். ரீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மரம் சாவதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் வேலையில் குறை இல்லை. அடுத்த மாதம் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்” என்று ஆறுதலும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ரீச்சர் கடைசி வழியாகப் பிள்ளையாரைப் பிடித்தார். மெல்பேணில் போய்க் கும்பிட அப்போது ஒரு கோயில் கிடையாது. ஆகவே மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து, தலையில் அறுகம்புல்லும் குத்தி, மரத்தடிக்கே கொண்டுபோனார். பிள்ளையாரை ஊத்தையிலா இருத்துவது? குனிந்து நிலத்தைக் கையால் கூட்டினார். உதிர்ந்து கிடந்த ஒரு மெல்லிய கிளை, காய்ந்த இலைகளோடு அப்படியே கையில் வந்தது.

இலைகள் சோடி சோடியாக, எதிரெதிராக இருந்தன.

கோஸ்ட் ரெட்வூட்டின் இலைகள் மாறி மாறி இருக்கும். எதிரெதிராக இருப்பது சீனத்து டோன் ரெட்வூட். அது குளிருக்கு இலையைக் கொட்டிவிட்டு நித்திரை கொள்கிற மரம். ரீச்சர் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று உயிர் இருந்தது.

“ஐயோ பிள்ளையாரே!” என்று தலையிலே கை வைத்துக்கொண்டு ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்.

தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று கணவரைக் கூப்பிட்டார்.

“நீர் வாயைத் திறவாதையும். கையெழுத்து விழட்டும்” என்றார் சிறிதரன்.

“நாளைக்கு வெட்டப் போறாங்கள்.”

“மரம்தானே, நாகேஸ்?”

“உயிரோடை நிக்குது, இஞ்சருங்கோ!”

“அப்ப வேலை?”

ரீச்சர் தொலைபேசியை வைத்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று நன்றாக அழுதார். நாளை இந்நேரம் மரங்கள் விறகாகிவிடும், தன் பிழையும் ஒருவருக்கும் தெரியாமல் அதோடு போய்விடும், வேலையும் கையில் இருக்கும். எவ்வளவு வசதி! நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நேரே மிஸ்டர் பார்லோவின் அறைக்குப் போய், அந்தக் கிளையை மேசையில் வைத்தார்.

“இது கோஸ்ட் ரெட்வூட் இல்லை. நான் பிழையாகச் சொன்னேன். மரங்கள் சாகவில்லை, வெட்டாதீர்கள்.”

அந்த மூன்று வசனத்தையும் சொல்ல அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. மிஸ்டர் பார்லோ கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டுகிறவர்களை மறித்தார். கையெழுத்தையும் மறித்தார்.

“துளிர்க்கட்டும், பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார்.

செப்டெம்பர் பிறந்தது, அந்த ஊரில் வசந்தத்தின் தொடக்கம். ரீச்சர் சோறு தண்ணி இறங்காமல் தினமும் போய்ப் பார்த்தார். இரண்டாம் கிழமை ஏழு மரத்திலும் பச்சைப் பொட்டுகள் வெளிவந்தன. அன்றைக்கே மிஸ்டர் பார்லோ கூப்பிட்டார்.

“இதுவரை எத்தனை பலகை எழுதினீர்கள்?”

“முந்நூற்றுப் பன்னிரண்டு.”

“ஒன்று பிழை. மற்றவை?”

முந்தின ரீச்சர் என்றால் சீறியிருப்பார். “தெரியாது” என்றார் இந்த ரீச்சர்.

“எல்லாவற்றையும் திருப்பிச் சரிபார்க்க எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ஒவ்வொரு மரத்தையும் நாலு பருவத்திலும் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாவது செல்லும்.”

மிஸ்டர் பார்லோ பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார்.

பின்னேரம் சிறிதரன் கதவடியிலேயே காத்து நின்றார். “என்னவாம்? நிறுத்திப் போட்டாரோ?”

“இல்லை. என்னிலை துப்பரவா நம்பிக்கை இல்லையாம்” என்றார் ரீச்சர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “அதாலை நிரந்தரமாக்கிப் போட்டார்.”