திருத்தப்பட்ட வாக்கு

ரெஜிஸ் வலாத் எங்கள் தொகுதியில் நான்காவது முறையாக நாடாளுமன்றத்துக்கு நின்றபோது, அவருடைய சுவரொட்டியின் கீழ் மூலையில் ஒரு பெண்ணின் சிறிய முகம் இருந்தது. அதன் கீழே, மாற்று உறுப்பினர் ஓதில் கெய்ரேல் என்று போட்டிருந்தது. இங்கே பிரான்சில் வேட்பாளர் தனியாக நிற்க முடியாது. அவர் இறந்துபோனாலோ அமைச்சரானாலோ அந்த இடத்தில் போய் உட்கார ஓர் ஆளைக் கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மழையில் சுவரொட்டி உரிந்து, அந்தச் சிறிய முகம்தான் முதலில் போகும்.

ஓதில் எங்கள் ஊரான சேன்-மர்சோலில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு முறிந்த கிழவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள், வலி கண்ட பெண்கள் என்று பாதித் தொகுதி அவர் வண்டியில் படுத்து எழுந்தது. வலாத் அவரைப் பிடித்துப் போட்டதும் அதற்காகத்தான்.

"போட்டோல நான் செத்தவ மாதிரி இருக்கேன்," என்றார் ஓதில், காபிக் கடையில்.

"ஆம்புலன்ஸ்காரிக்கு அது விளம்பரந்தானே," என்றார் கடைக்காரர் ழோ. "ஓட்டுப் போட்டா என்னை வாசல்லயே வந்து ஏத்திக்குவியா?"

"உன்னை ஏத்தணும்னா ரெண்டு வண்டி கட்டணும்டா."

நகர மண்டபத்துக் கூட்டத்தில் ஓதில் பேசியது ஒரே ஒரு விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூட விடமாட்டேன் என்றார். அதை விட்டால் அடுத்தது கணவாய்க்கு அந்தப் பக்கம், மாவட்டத் தலைநகரில். கோடையில் அது ஒரு மணி நேரப் பாதை. பனிக்காலத்தில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

வலாத் ஜெயித்தார், அடுத்த வருடம் இணை அமைச்சரானார். ஒரு மாதம் கழித்து ஓதில் பாரிசுக்கு ரயிலேறினார். அங்கே அவரைக் கடைசி வரிசையில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் உட்காரவைத்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் சுகாதார நிதி மசோதா வந்தது. பிரசவம் குறைந்த சிறிய பிரிவுகளை மூட அதில் வழி செய்திருந்தது அவருடைய கட்சியே. மலைப்பகுதிகளுக்கு விலக்கு கேட்டு எதிர்க்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓதில் அதை ஆதரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கட்சிக் கொறடா அர்மான் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உங்க அமைச்சரை நீங்களே கவுக்கப் போறீங்களா? வேணாம் ஓதில். இப்ப 'எதிர்ப்பு' பட்டனை அமுக்குங்க. அப்புறம் கீழ பதிவு மேசைக்குப் போயி, கை தவறிடுச்சு, ஆதரவுன்னு குறிச்சுக்குங்கன்னு சொல்லிடுங்க. அவைக்குறிப்புல அச்சாகியே வரும். ஊர்ல காட்டலாம்."

"தப்பில்லையா?"

"நான் அப்படி எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

ஓதில் அமுக்கினார். ஒரே ஒரு வாக்கில் திருத்தம் தோற்றது. அவர் பதறவில்லை, சொல்லப்போனால் மகிழ்ச்சியாகத்தான் படியிறங்கினார். தன் வாக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் முடிவும் இந்தப் பக்கம் வந்துவிடும் என்று நம்பினார். மேசையிலிருந்த அலுவலர் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப நாங்க ஜெயிச்சுட்டோமா?"

அலுவலர் தலை நிமிர்ந்து பார்த்தார். "முடிவு மாறாது, மதாம். உங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் பதிவாகும்."

ஊரில் யாரும் அவரை நம்பவில்லை. கட்சிக்கு வாக்கு, தொகுதிக்குக் காகிதம் என்ற இந்த வித்தையை எங்கள் ஆட்கள் எத்தனையோ உறுப்பினர்களிடம் பார்த்தவர்கள். அது வித்தை என்று தெரியாமல் அதைச் செய்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

"எனக்கு நெஜமாவே தெரியாது, ழோ."

ழோ கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது இன்னும் மோசம், ஓதில்."

வசந்தத்தில் அமைச்சரவை மாறியது. வலாத் பதவி இழந்தார். ஒரு மாதத்தில் நாற்காலி தானாகவே அவரிடம் திரும்பியது. சட்டம் அப்படி, ஓதிலை யாரும் கேட்கவேண்டியதில்லை. வலாத் மாட்டுச் சந்தைக்கு வந்து எல்லோரையும் கன்னத்தில் முத்தமிட்டு, பிரசவப் பிரிவு மூடப்படுவதை வன்மையாகக் கண்டித்தார். கைதட்டினார்கள். நாங்களும்தான் தட்டினோம். ஓதில் மறுபடி ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். செப்டம்பரில் பிரிவை மூடினார்கள்.

பிப்ரவரியில் ஒரு மதியம், மேட்டுப் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. ஃபிர்மனின் மனைவி லூசிலுக்கு நாள் நெருங்குமுன்பே வலி கண்டுவிட்டது. ஓதிலும் கூட வேலை செய்யும் பையனும் படுக்கையை இறக்குவதற்குள் ஃபிர்மன் வாசலை மறித்துக்கொண்டான்.

"வேற ஆளே இல்லையா?"

"இன்னொரு வண்டி வெளிய போயிருக்கு. வழி விடு ஃபிர்மன், என்னை அப்புறம் திட்டிக்கோ."

"உன் வண்டியில ஏத்த மாட்டேன். நீ அமுக்குன பட்டன்தானே எங்களை இப்ப மலை ஏத்துது?"

லூசில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "யார் வண்டியா இருந்தா என்ன," என்றாள். அவன் காதில் விழவில்லை. அவளைத் தன் காரில் ஏற்றிக் கிளம்பிவிட்டான்.

ஓதில் காலி வண்டியோடு பின்னாலேயே போனார். பனி விழுந்துகொண்டிருந்தது. கணவாயில் விளக்கை மின்னிப் பார்த்தார், ஒலியும் எழுப்பினார். கார் நிற்கவில்லை. ஒரு வளைவில் ஃபிர்மன் பின்னிருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க, கார் தடுமாறி நகர்ந்ததைப் பார்த்தபோதே உள்ளே குழந்தை பிறந்துவிட்டது தெரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் வண்டியில் பிராணவாயு இருந்தது. பிறந்த குழந்தைக்கான சின்ன முகமூடியும் இருந்தது.

மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரி வாசலில் ஃபிர்மன் வெளியே வந்து, ஆம்புலன்சின் படியில் உட்கார்ந்தான். கைகளைக் கழுவியிருக்கவில்லை.

"பொண்ணு," என்றான். "கொஞ்ச நேரம் மூச்சு விட்டா. அப்புறம் விடல."

ஓதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் வண்டியில வந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

அவருக்குப் பதில் தெரியும். கூட வந்த பையனுக்கும் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இல்ல," என்றார் ஓதில். "எதுல வந்தாலும் இந்தத் தூரம் ஆகாது. நான் அமுக்குனதுதான்."

ஃபிர்மன் தலையாட்டினான். அப்படித்தான் நானும் நினைத்தேன் என்றான். அன்றிலிருந்து ஊரும் அப்படியே சொல்கிறது, ஓதில் மறுப்பதில்லை.