நெல்மணியோடு வந்த விளம்பரம்

காலை 9.40. யாரோ ஒருவரின் இணைய விளம்பரத்தில் எங்கள் விமானி இருக்கையைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு நெல்மணி.

தஞ்சாவூரில் நானும் மனைவி கலாவும் மாதிரி விமானங்களுக்கான குட்டி உதிரிபாகங்களை வார்த்து விற்கிறோம். அளவு புரிவதற்காக நெல்லை வைத்துப் படமெடுப்போம்.

"படத்தத் திருடுனவன் அதுலேருந்து நெல்லக்கூட அழிக்கலையேங்க!" என்றாள் கலா. "டீலராகணும்னு கேட்டாரே, அவருக்கு மட்டும்தான் இந்தப் படம் அனுப்புனோம்."

வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதால், அச்செடுக்கும் மூல இருக்கையையே சற்றுமுன் கூரியரில் கொடுத்திருந்தேன். அது போனால் தொழிலே போய்விடும். ஓடிப்போய், வண்டி கிளம்பும் முன் திரும்ப வாங்கினேன்.

இப்போது யார் கேட்டாலும் அந்த அச்சில் வார்த்த நகலை மட்டுமே அனுப்புகிறோம். அவருக்கும் ஒன்று அனுப்பினோம். மூல இருக்கைதான் வேண்டும் என்று எழுதி, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.