கட்டத்தில் எண் எழுதிய கிளாக்கரையா

இலங்கையில் றக்வானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரையா மெலிந்தவர். கொழும்புக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தொழிலாளர் விவரத் தாளில், பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, கட்டத்துக்கு ஒரு எண்ணாக எழுதுவார்.

என் அக்கா மாரியாயி இந்தியாவுக்குப் போன மாதம், அவள் நம்பருக்குப் பதிலாக என் நம்பரை எழுதி, ஆள் போய்விட்டதாக அனுப்பிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த பெயர்ப்பட்டியலில் அக்கா இருந்தாள், நான் இல்லை. பட்டியலில் இல்லாதவளுக்கு வேலையும் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை.

"ஐயா, நான் உங்க முன்னாலதானே நிக்கிறேங்க?"

"எனக்குத் தெரியுது பிள்ளை. மெஷினுக்குத் தெரியேல்லையே. திருத்தி அனுப்புறன். அதுவரைக்கும் அக்கான்ர பேரைக் கூப்பிட்டா நீ குரல் குடு."

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், "மாரியாயி" என்றதும் "ஆமாங்க" என்றேன். பக்கத்தில் நின்றவள், "அக்காவுக்கு வயசு குறைஞ்சிருச்சுடி" என்று சிரித்தாள்.

மாதாமாதம் அவர் திருத்தம் எழுதினார். மாதாமாதம் அக்கா பேரே வந்தது.

வேறு தோட்டத்துக்கு அவர் மாற்றலாகிப் போன அன்று, "என்ர பிழை, மீனாட்சி" என்றார். ஏசத்தான் போயிருந்தேன், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தேன். புதுக் கிளாக்கருக்குப் பட்டியல் மட்டும்தான் தெரியும். ஆபீசில் என்னை நானாக அறிந்த ஒரே ஆளும் பஸ் ஏறிவிட்டார்.