மடியில் மடித்து வைத்த சட்டை

இதை எழுதப் பல வருஷமாக எனக்குக் கை வரவில்லை. என் அண்ணியைப் பற்றி ஊர் பேசுமே என்ற பயம். விளக்கேற்றும்போதெல்லாம் முருகனிடம் எழுதட்டுமா என்று கேட்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் வருவது ஒரு கட்டம் போட்ட சட்டை. அண்ணி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அதைத் துவைத்துத் தேய்த்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் புருஷனுடையது. கட்சால் தீவில் சுனாமி அலை வந்த காலையில் கரைப்பக்கம் போனவர், உடல் கிடைக்கவில்லை. ரப்பர் தோட்டத்து வீடு மேட்டில் இருந்ததால் சட்டை தப்பியது.

என் மூத்தார், வீட்டுக்காரருக்கும் அண்ணிக்கும் அண்ணன், ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர். பழைய வேனில் பின் சீட்டுகளைக் கழற்றிப் படுக்கப் பலகை அடித்து, கேஸ் அடுப்பும் தண்ணி டிரம்மும் வைத்து அதையே வீடாக்கியிருந்தார். போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை மலையும் கடலும் பார்த்துவரலாம் என்றார். அலைக்குப் பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட, கடலையே பார்க்காத அண்ணி மாட்டேன் என்றார். அப்போதுதான் மூத்தார் சொன்னார்: "டிக்லிபூர்ல கட்சால் ஆளு ஒருத்தர் இருக்காராம், தங்கச்சி. அடிபட்டதுல பேரே மறந்து போச்சாம். போய்ப் பார்த்துருவமா?" அன்றைக்கே அண்ணி சட்டையைத் தேய்த்துவிட்டார்.

கடல் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டு, மலைப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ரங்கத் ஊரைத் தாண்டியதும் மூத்தார் ஓட்டிக்கொண்டே கேலி செய்தார். "அரே, பூவெல்லாம் வச்சிருக்கே! அந்த மனுஷன் அடையாளம் தெரியாம ஓடிறப் போறாரு."

"ஓடினா நீங்க வண்டிய விட்டுப் பிடிங்கண்ணே" என்று அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்று எனக்கு அப்போது தெரியாது.

டிக்லிபூர் வந்தும் வண்டி ஊருக்குள் போகவில்லை. கடற்கரையில் நின்றது. அங்கே ஒரு பூசாரி தர்ப்பையில் ஆள் உருவம் கட்டி வைத்துக் காத்திருந்தார். உடல் கிடைக்காதவருக்கு அப்படிச் செய்து எரிப்பது எங்கள் வழக்கம். மூத்தார் மகளுக்கு நல்ல இடம் வந்திருந்தது. கருமம் முடியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

"அந்த ஆளு எங்கண்ணே?"

மூத்தார் தர்ப்பையைக் காட்டினார். "இதான். பஸ், போதும். இன்னும் எத்தன நாளு எங்களப் போட்டு வதைப்பே?"

சட்டையைப் பிடுங்கி அதன்மேல் போர்த்தினார்கள். அண்ணி இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் கையைப் பிரிக்க, வண்டியில் நான் காய் நறுக்கிய கத்தியால் மூத்தார் கயிற்றை அறுத்தார். நான் கத்தினேன், யாரும் திரும்பவில்லை. "அவரு வந்தா என் கழுத்தப் பார்த்து என்ன நெனப்பாருண்ணே?" என்று மட்டும் அண்ணி கேட்டார். மந்திரம் நடந்துகொண்டே இருந்தது. சடங்கை நம்புகிறவள்தான் நான். ஆனால் அன்று அங்கே சாமி இருந்ததாக என்னால் சொல்ல முடியாது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலியில்லாதவர் எதிரே வரக் கூடாதென்று அண்ணியைச் சமையல் கொட்டகையில் உட்காரவைத்தார்கள்.

போன மாசம் அண்ணி காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் மூத்தார் கண் கலங்கச் சொன்னார்: "என் தங்கச்சி, குடும்பத்துக்காகத் தாலியத் தானே கழற்றிக் குடுத்த மகராசி." எல்லாரும் தலையாட்டினார்கள். அதனால்தான் எழுதிவிட்டேன். யாருக்காவது சொல்வதானால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அண்ணி கழற்றிக் கொடுக்கவில்லை. அறுத்தார்கள்.