சித்தப்பா மறைத்த காய்ச்சல்

பிள்ளைகளா, எனக்கு அப்போது ஒன்பது வயது. பசுவந்தனையில் எங்கள் வீட்டில் நிற்கத் தெரியாத ஆள் சித்தப்பா ஒருவர்தான், எப்போதும் ஓட்டம். கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இறுதியாட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டது. தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று, என்னை ரகசியமாகக் கடைக்கு அனுப்பி மாத்திரை வாங்கினார். எனக்குக் கூலி கடலைமிட்டாய். வாய் நிறைய மிட்டாய் இருந்தால் பேச்சு வராது என்பது அவர் கணக்கு.

ஆடினார், ஜெயித்தார்கள். மறுநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பந்து பட்டிருக்கும் என்றார் அப்பா. அம்மா சோடாவில் உப்பும் எலுமிச்சையும் கலந்து கொடுத்தாள்.

“வாய்வுதான் மதினி, சரியாப் போயிரும்” என்று குடித்தார். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அப்பா ஆட்டோ பிடித்து அவரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈசிஜி தாளை இரண்டு தடவை பார்த்தார். “சின்ன வயசு. ஆனா தாள் சரியில்லயே. நாலஞ்சு நாளைக்கு முந்தி காய்ச்சல் ஏதும் அடிச்சுதா?”

சித்தப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். “அவனுக்குத் தும்மல்கூட வராதும்மா” என்றார் அப்பா, பெருமையாக.

“அடிச்சுது! நாந்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன்” என்றேன்.

“ஏலே!” என்றார் சித்தப்பா, அந்த வலியிலும்.

டாக்டரம்மா என் பக்கம் குனிந்து, எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று கேட்டுக்கொண்டார். அந்தக் காய்ச்சல் இதயத் தசையையே வீங்க வைத்திருக்கலாம், அதோடு ஓடியது ஆபத்து என்றார். ரத்தம் எடுத்தார்கள். ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது.

பத்தாம் நாள் மெலிந்து, சிரித்துக்கொண்டே வீடு வந்தார் சித்தப்பா. ஆறு மாதம் ஓடக்கூடாதாம். என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று பயந்துகொண்டே போனேன். ஹாக்கி மட்டையை என் கையில் வைத்தார்.

“இத நீயே வச்சிக்கோலே. டாக்டரம்மா சரின்னு சொல்லுத வரைக்கும், நான் கெஞ்சுனாலும் குடுக்காத.”

நடுவில் இரண்டு தடவை கெஞ்சினார், நான் கொடுக்கவில்லை. ஏழாம் மாதம், டாக்டரம்மா சோதித்துப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் கொடுத்தேன். அதுவரை, காட்டிக்கொடுத்ததற்கு எனக்கு இது தண்டனை என்றே நினைத்திருந்தேன். வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருக்க, அதை ஏன் என்னிடம் கொடுத்தார் என்பது அந்த வயதில் விளங்கவில்லை.